கீமோ நாட்களில் வெறுங்கஞ்சி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கடலோர ஊர்களில் அம்மாவுக்கோ அத்தாவுக்கோ புற்றுநோய்க்குக் கீமோ என்று முடிவானதும் முதலில் மாறுவது அடுப்படிதான். மீன் நின்றுவிடும். 'சூடு' என்று முட்டை நின்றுவிடும். மூன்று வேளையும் கஞ்சித்தண்ணி. மூன்றாவது சைக்கிளுக்குள், அதாவது மூன்றாம் சுற்று மருந்துக்குள், ஆள் பாதியாகிவிடுவார். "மருந்து ஆளை உருக்கிப் போட்டது" என்பார்கள். மருந்துக்கும் அதில் பங்குண்டு. பத்தியத்துக்கு உள்ள பங்கை மட்டும் யாரும் பேசுவதில்லை.

சிகிச்சை நடக்கும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். 25 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் 2 கிராம்கூடத் தேறாது. பத்து டம்ளர் குடித்தாலும் மூன்றில் ஒரு பங்கு வராது.

கஞ்சிதான் தொண்டையில் இறங்குகிறது என்றால் நோன்புக் கஞ்சி பக்குவத்தில் காய்ச்சுங்கள். கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசி 50 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 50 கிராம், கோழிக் கொத்துக்கறி 100 கிராம், பூண்டு, சீரகம், இறக்கும்போது கொஞ்சம் தேங்காய்ப்பால். குழைய வெந்தால் அந்தச் சட்டியில் சுமார் 35 கிராம் புரதம் இருக்கும். மூன்று டம்ளராக ஊற்றினால் டம்ளருக்குப் பதினொன்று, பன்னிரண்டு. அதில் இரண்டு டம்ளர், இரண்டு அவித்த முட்டை (12 கிராம்), 100 கிராம் மீன் சதை (18 முதல் 20 கிராம்), இரண்டு டம்ளர் பால் (12 கிராம்) என்றால் 60 கிராமைத் தாண்டிவிடலாம். மூன்று வேளையாகக் கொடுத்தால் முடியாது; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கையளவு.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு ஆக்கிக் கொடுக்கிற ஊர் நம்முடையது. வாய்ப்புண் வந்தவருக்கு அதைவிட மெதுவான சாப்பாடு இல்லை. சுறாதான் வேண்டும் என்றில்லை. பாறை, சீலா எதுவானாலும் சரி. மஞ்சள் போட்டுப் பத்து நிமிடம் அவித்து, தோலும் முள்ளும் நீக்கி, கையால் உதிர்த்து நீரைப் பிழிந்துவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டோடு வதக்கி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். பச்சை மிளகாய் வேண்டாம். உதிர்க்கும்போது விரலுக்குத் தட்டுப்படாத முள், புண் வாயில் தட்டுப்படும். இரண்டு தரம் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். அப்போது முட்டையும் பருப்பும் கைகொடுக்கும். கருவாடு வேண்டாம், உப்பு புண்ணை எரிக்கும்.

மருந்து ஏற்றும் நாளில் அவருக்கு மிகப் பிடித்த மீன் குழம்பை வைக்காதீர்கள். அன்றைய குமட்டல் அந்த வாசனையோடு ஒட்டிக்கொண்டால், பிறகு மாதக்கணக்கில் அதைப் பார்த்தாலே குமட்டும். எவர்சில்வர் டம்ளரில் இரும்பு வாடை அடிக்கிறது என்றால் கண்ணாடி டம்ளருக்கு மாற்றுங்கள். குமட்டல் மாத்திரையை வாந்தி வரும்வரை காத்திருந்து கொடுக்காதீர்கள், சீட்டில் எழுதிய நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒண்டான்செட்ரான் என்ற குமட்டல் மாத்திரை மலத்தை இறுக்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மலம் வரவில்லை என்று வீட்டில் எனிமா கொடுக்கவே கூடாது.

அடுத்தது தண்ணீர். நம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. பேதிக்கு ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் கரைத்தால் அளவே கெட்டுவிடும். கொதிக்க வைத்து ஆறிய நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில், ஒரு லிட்டருக்கான பொட்டலம் முழுதாக. பாதிப் பொட்டலம் போடுவதும் தப்பு. வாய் கொப்பளிக்க ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, நாளைக்கு ஐந்தாறு தரம். சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து ஏற்றியிருந்தால் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். தேங்கினால் மூத்திரப்பை புண்ணாகும்.

ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுகிறவர்களுக்கு இன்னொன்று. குளிர் பட்டால் விரலும் தொண்டையும் மரத்து முள்ளாய்க் குத்தும். ஐஸ் பெட்டியில் கைவிட்டு மீன் எடுக்கிற வேலையை அந்த மாதங்களில் வேறு யாராவது பார்க்கட்டும். கால் மரத்துப்போனவர் செருப்பில்லாமல் கரையில் நடந்தால் சிப்பி கிழித்தது தெரியாது, மணல் சுட்டதும் தெரியாது. அதற்காக நடையை நிறுத்திவிட வேண்டாம். செருப்போடு காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் தசை கரைந்துபோகும்.

இனி, உயிர் போகிற விஷயம். மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும், ஆசுபத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பாரசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிற தவறு. மாத்திரை சூட்டை மறைக்கும், ரத்தத்தில் ஏறிய கிருமியை ஒன்றும் செய்யாது. தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்துப் பாருங்கள். காபி குடித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அக்குளில் வைத்தால் குறைத்துக் காட்டும். சூடே இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் அதே கணக்குதான். அவசரப் பிரிவில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். "கீமோ போய் ஒன்பது நாள், காய்ச்சல் 101" என்று சொல்லி மருந்துச் சீட்டை நீட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும்.

கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஏற மாதுளை, பீட்ரூட் ஜூஸ் என்று கடைகடையாய் வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. வெள்ளை அணு அதனால் ஏறாது. கடை ஐஸில் கிருமிதான் வரும். காய்ச்சாத பதநீரும் அந்த வாரத்தில் வேண்டாம். கவுண்ட் ஏற்ற டாக்டர் எழுதுவது ஃபில்கிராஸ்டிம் ஊசி. கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்தே போட வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை கொண்டுவருபவர்கள் ஊசியைத் துணியில் சுற்றி வையுங்கள். ஐஸ் நேரே பட்டு உறைந்தால் அந்த மருந்து வீண். போட்ட பிறகு இடுப்பு எலும்பு வலித்தால் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிற வலி அது.

பல கீமோ முறைகளில், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு வகை 1,500க்கும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு ஒரு லட்சத்துக்கும் கீழே இருந்தால் அடுத்த மருந்தைத் தள்ளிவைப்பார்கள். அதை மதுரைக்குப் போய் ரத்தம் கொடுத்தபின் தெரிந்துகொண்டு, தெம்பில்லாத ஆளைத் திரும்பவும் 170 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்காரவைத்துக் கூட்டிவருவது கொடுமை. ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாயிற்று. கீமோ அட்டை வைத்திருப்பவர்களுக்கு, அடுத்த சைக்கிளுக்கு இரண்டு நாள் முன்பு அந்தந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் எடுத்து, அன்று மாலைக்குள் முடிவைக் கொடுக்கவும், ஃபில்கிராஸ்டிம் ஊசியை அங்கேயே குளிர்பெட்டியில் வைத்துப் போடவும் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
நோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் செவிலியர்கள் சிலர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.