கேரேஜைப் பூட்டிவிட்டுச் சண்டை வைக்காதீர்கள்

பழைய வீடியோ கேம் போட்டியை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் வரைவு விதிகளைப் படித்தேன். பட்டியலில் 'ஆர்மர்ட் கோர்' இருப்பதைப் பார்த்ததும் வந்த சந்தோஷம் மூன்றாவது விதி வரைக்கும்தான் நீடித்தது. எல்லோரும் கேம் முதலில் கொடுக்கும் அதே இயந்திரத்தோடுதான் மோத வேண்டும், அவரவர் சேர்த்த பார்ட்ஸைச் சேமித்து வைத்திருக்கும் மெமரி கார்டு கொண்டுவரக் கூடாது என்கிறீர்கள். நேரம் மிச்சமாகும், எல்லோருக்கும் சமமாக இருக்கும் என்று இரண்டு காரணங்களும் சொல்லியிருக்கிறீர்கள். நேரம் பற்றிய கவலை நியாயமானது, அதற்கு வழி சொல்கிறேன். சமம் என்ற காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் குழுவில் இதை ஆடாதவர்களும் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த, ராட்சத ரோபோக்கள் மோதும் கேம் இது. ஃப்ரம் சாஃப்ட்வேர் செய்தது. உங்கள் இயந்திரத்துக்கு அதில் பெயர் ஏ.சி. (சிரிக்க வேண்டாம், குளிரவைக்கும் பெட்டி அல்ல. ஆர்மர்ட் கோரின் சுருக்கம்.) தலை, உடல், கை, கால் நான்கையும் தனித்தனியாக வாங்கி, கேரேஜ் என்ற திரையில் மாட்ட வேண்டும். உள்ளே ஜெனரேட்டர், பாயவும் பறக்கவும் வைக்கும் பூஸ்டர், குறிவைக்கும் கருவி. வலது கையில் துப்பாக்கி, இடது கையில் லேசர் வாள், முதுகில் பக்கத்துக்கொரு ஆயுதமோ ரேடாரோ. இயந்திரங்களை வரைந்தவர் ஷோஜி கவாமோரி. எந்தத் தலையை எந்த உடம்பில் வைத்தாலும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியாததற்கு அவர் கைதான் காரணம் என்பது என் எண்ணம்.

அந்தக் கம்பெனி 1986-இல் தொடங்கி, 1994-இல் முதல் கேமை வெளியிடும் வரை அலுவலகங்களுக்கான மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. பார்ட்ஸ் பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். கணக்குப் புத்தகம் மாதிரிதான் இருக்கும்: விலை, எடை, எவ்வளவு மின்சாரம் குடிக்கும், எவ்வளவு அடி தாங்கும் என்று வரிசையாக எண்கள். அந்த எண்களோடு மல்லுக்கட்டுவதற்குத்தான் நாங்கள் வருகிறோம்.

காலில் இருந்து தொடங்கலாம், எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். இரண்டு கால், பின்னால் மடங்கும் கோழிக்கால், நாலு கால், டாங்கிச் சக்கரம். ஒவ்வொன்றுக்கும் சுமக்கும் அளவு உண்டு. முதுகில் பெரிய பீரங்கியை மாட்டினால் இரண்டு காலும் கோழிக்காலும் மண்டியிட்டால்தான் சுட முடியும். மண்டியிட்ட நேரத்தில் நகர முடியாது, எதிராளிக்கு அது விருந்து. நாலு காலும் டாங்கியும் ஓடிக்கொண்டே சுடும். அப்படியானால் எல்லோரும் நாலு காலையே எடுக்கலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் முதல் நாலுகாலியைப் பற்றிச் சொன்னால்தான் நான் கேட்பது புரியும். முதுகில் வலப்பக்கம் பெரிய பீரங்கி, இடப்பக்கம் ரேடார், கையில் மெஷின் கன். ஒரே டிவியில் பாதிப் பாதித் திரையில் நண்பனோடு மோதினேன். அவனுடையது லேசான கோழிக்கால். தத்தித் தத்தி என் தலைக்கு மேலே தாவி, முதுகுக்குப் பின்னால் இறங்கிச் சுடுவான். நான் திரும்புவதற்குள் மறுபடியும் தாவியிருப்பான். அவனைப் பிடிக்க பூஸ்டரை அழுத்திக்கொண்டே சுழன்றேன். திரையில் மின்சார இருப்பைக் காட்டும் கோடு மளமளவென்று இறங்கிச் சிவப்புக்குப் போய், சங்கு ஊதி, காலியாகிவிட்டது. காலியானால் கோடு முழுதாக நிரம்பும்வரை பூஸ்டர் கிடையாது. அவ்வளவு நேரமும் என் நாலுகாலி சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி நின்றது. மூன்று ஆட்டம், மூன்றும் போனது.

கேரேஜுக்குப் போய் எண்களைப் பார்த்தேன். ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் பார்ட்ஸ் எல்லாம் குடித்தது போக மிச்சம் இருப்பதுதான் கோட்டை நிரப்பும். என் மிச்சம் பிச்சைக்காசு. பெரிய ஜெனரேட்டர் வைத்தேன், எடை காலின் அளவைத் தாண்டியது. எதைக் கழற்றுவது? பீரங்கியைத் தொட மனம் வரவில்லை. ரேடாரைக் கழற்றினேன். அது எடையும் குறைத்தது, மின்சாரமும் மிச்சம் செய்தது. ரேடார் எதற்கு, அவன் பாதித் திரைதான் என் கண்முன்னால் இருக்கிறதே!

அடுத்த ஆட்டம் ஜெயித்தேன். அதற்கடுத்த ஆட்டத்தில் அவன் பாதித் திரை முழுக்கச் சாம்பல் நிறம். ஏதோ ஒரு சுவரில் மூக்கை ஒட்டி நின்றிருக்கிறான். அரங்கில் சுவர் எல்லாம் ஒரே மாதிரி, எந்தச் சுவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரேடாரும் இல்லாமல் நான் குருடன் மாதிரி சுற்றினேன், அவன் நிதானமாகப் பின்னால் வந்து வாளால் வெட்டினான். மறுபடி கேரேஜ். இந்த முறை ரேடார் உள்ளேயே இருக்கும் தலை. தூரம் அதிகம் தெரியாது, ஆனால் சுவருக்குப் பின்னால் ஒருவன் பதுங்கியிருப்பதைக் காட்டப் போதும். குறிவைக்கும் கருவியையும் மாற்றினேன். எதிராளி திரையில் ஒரு கட்டத்துக்குள் இருந்தால்தான் அது குறி பிடிக்கும். என்னிடம் இருந்தது ஒடுக்கமான கட்டம், தூரத்து இலக்குக்கு நல்லது. தாவுகிறவன் அதிலிருந்து நொடியில் வெளியே போய்விடுவான். அகலமான கட்டம் வைத்ததும் அவன் தாவும்போதும் குறி நழுவவில்லை.

அன்று மொத்தக் கணக்கில் தோற்றது நான்தான். ஆனால் தலை, ஜெனரேட்டர், குறிக் கருவி என்று மூன்று பொருளை மாற்றியதில் ஆட்டமே வேறாகிவிட்டது. என் பட்டனைத் தட்டும் கை அதற்கு முன்னும் பின்னும் ஒன்றேதான். உங்கள் மூன்றாவது விதி வந்திருந்தால் அந்த நாள் முதல் மூன்று ஆட்டத்தோடு முடிந்திருக்கும்.

சமம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். கேம் முதலில் கொடுப்பது இரண்டு கால், ஒரு ரைஃபிள், ஒரு வாள், முதுகில் சின்ன மிசைல். எதிலும் சேர்த்தியில்லாத நடுவாந்தர வண்டி. அதோடு இரண்டு பேரை இறக்கினால் ஜெயிப்பது விரல் வேகம் மட்டும்தான். பக்கவாட்டில் நகர ஒரு பட்டன், மேலே கீழே பார்க்க இன்னொரு பட்டன் என்று இருந்த காலத்து கன்ட்ரோலர் அது. பழகிய விரல் பழகாத விரலைச் சாப்பிட்டுவிடும். மெதுவான விரலுக்காரன் தப்பிக்க இந்த கேமில் இருக்கும் ஒரே இடம் கேரேஜ். டாங்கிச் சக்கரத்தை வைத்து, கவசத்தை ஏற்றி, எதிராளி வந்து மோதட்டும் என்று உட்காரலாம். நீங்கள் சமம் என்று நினைத்துப் பூட்டுவது அவனுடைய கதவை.

எல்லோருக்கும் மாறாத இயந்திரம் வேண்டுமென்றால் அதற்கென்றே கேம் இருக்கிறது. செகாவின் 'வர்ச்சுவல் ஆன்' அப்படித்தான். இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கலாம், பிரித்து மாட்ட முடியாது. அதுவும் அருமையான ஆட்டம்தான், இரண்டு நெம்புகோலைப் பிடித்து ஆடுவது தனிச் சுகம். அதை வைத்துக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன். ஆனால் ஆர்மர்ட் கோரை அதுவாக மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. முதல் ஆர்மர்ட் கோரில் வாங்கிய பொருளைத் திருப்பி விற்றால் கொடுத்த காசு அப்படியே வரும், ஒரு பைசா குறையாது. தனியாக ஆடும்போது கூலிப்படை ஓட்டுநராகப் பணிகளை முடித்துச் சம்பளம் வாங்குவோம்; அதே கேம்தான் சுட்ட குண்டுக்கும், அடிபட்டு வந்தால் பழுதுபார்ப்புக்கும் அந்தச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு கறாரான கேம் இந்த ஒரு இடத்தில் மட்டும் தாராளமாக இருக்கிறது என்றால், மாற்றி மாற்றிப் பார் என்று செய்தவர்களே சொல்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அதற்காக எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லவில்லை. ஒன்றைக் கண்டிப்பாகத் தடை செய்யுங்கள்: ஹியூமன் பிளஸ். முதல் கேமில் கடன் 50,000-ஐத் தாண்டினால் உங்கள் ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டுபோய் உடம்பில் சோதனை செய்து திருப்பி அனுப்புவார்கள். திரும்பத் திரும்பக் கடனில் விழுந்தால் சக்தியும் ஏறிக்கொண்டே போகும். தனியாக ஆடுகிறவனுக்கு அது ரகசிய உதவி, கதையாகவும் கொடூரமான நல்ல கற்பனை. போட்டியில் அது விஷம். ஏனென்றால் அந்தச் சக்தி இருந்தால் இரண்டு காலில் நின்றுகொண்டே, மண்டியிடாமல், பீரங்கி சுட முடியும். காலைத் தேர்ந்தெடுப்பதற்கே அர்த்தம் போய்விடும்.

கரசாவா துப்பாக்கியைத் தடை செய்யச் சொல்லி உங்களுக்கு யாராவது எழுதுவார்கள், எழுதியும் இருக்கலாம். மூன்லைட் வாளையும் சேர்த்துக் கேட்பார்கள். இரண்டும் கடையில் கிடைக்காது, பணிகளுக்கு நடுவே ஒளித்துவைத்திருப்பதைத் தேடி எடுக்க வேண்டும். இரண்டும் பயங்கரமானவை, மறுக்கவில்லை. ஆனால் கரசாவாவைத் தூக்கிப் பாருங்கள், எடை அப்படி. அதை மாட்டினால் வேறெதையாவது இறக்கியே ஆக வேண்டும், சுடுவதற்கும் மின்சாரம் வேண்டும். எதை இழந்து அதை வாங்கினான் என்று எதிராளி யோசிக்கத் தொடங்கினால் அது பாதி பலம் இழந்துவிடும். தேடி எடுக்க நேரமில்லாதவர்களுக்காக, எல்லாப் பார்ட்ஸும் இருக்கும் ஒரு மெமரி கார்டை நீங்களே மேசையில் வைத்துவிடுங்கள். கார்டு இருப்பவன், இல்லாதவன் என்ற பேச்சே அதோடு தீர்ந்தது.

நேரத்துக்கு வழி இதுதான். முதல் ஆட்டத்துக்கு அவரவர் இயந்திரத்தோடு வரட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவே நான்கு நிமிடம், அதற்குள் அதிகபட்சம் மூன்று பொருள் மாற்றலாம். நிறமும் சின்னமும் கணக்கில் வராது, ஆனால் அதற்குத் தனி நேரமும் கிடையாது. (சின்னத்தைப் புள்ளி புள்ளியாக வரையலாம். ஒன்பது எண் பந்தை வரைந்து, சிவப்புச் சாயம் பூசி, கேமில் வரும் பெயர்போன எதிரியைப் போல நைன் பால் என்று பெயர் வைத்துக்கொண்டு குறைந்தது நான்கு பேர் வருவார்கள். வரட்டும், பார்க்க நன்றாக இருக்கும்.) இரண்டு பேரின் பார்ட்ஸ் பட்டியலையும் பார்வையாளர்களுக்குத் தெரிகிற மாதிரி எழுதி வையுங்கள். அந்த நான்கு நிமிடத்தில் கூட்டம்தான் அதிகம் பேசும்: இவன் ஏன் தலையை மாற்றினான், அவன் ஏன் மிசைலை இறக்கினான் என்று.

கடைசியாக, பாதித் திரை வேண்டவே வேண்டாம். காரணம் மேலே சொல்லிவிட்டேன், என் சொந்தத் திருட்டுத்தனத்தையும் சேர்த்து. இந்த கேமில் இரண்டு பிளேஸ்டேஷன் பெட்டிகளைக் கேபிளால் இணைத்து, ஆளுக்கொரு டிவியில் ஆடும் வசதி இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: 2000-இல் வந்த சின்ன வெள்ளை பி.எஸ். ஒன்னில் அந்த இணைப்புத் துளை கிடையாது. பிளேஸ்டேஷன் 2-இல் இந்த வட்டு ஓடும், ஆனால் இந்தக் கேபிளைச் செருக முடியாது. பழைய சாம்பல் நிறப் பெட்டிதான் வேண்டும், அதுவும் இரண்டு, வட்டும் இரண்டு. வாடகைக்குத் தேடி அலையும்போது கடைசி நாளில்தான் இது தெரியவரும், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

என்னிடம் இரண்டு சாம்பல் பெட்டிகளும் ஒரு கேபிளும் இருக்கின்றன. மூன்றாவது விதியை மாற்றினால் போட்டியன்று காலையிலேயே கொண்டுவந்து மாட்டிக் கொடுக்கிறேன். ஒரு பெட்டியின் மூடி சரியாகச் சாத்தாது, மேலே எதையாவது கனமாக வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் நாலு காலிலேயே ஓடுகிற ஒருவன்