பிரதேச சபைக் குழுக்களில் எல்லாக் கட்சிகளுக்கும் உரிய இடம் கோரும் மனு

உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அவர்கட்கு,

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் ஒழுங்கை மதகு பற்றிக் கிராம அபிவிருத்திச் சங்கம் முன்னர் அனுப்பிய கடிதங்கள் தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். ஒன்றுக்கும் பதில் வராதபடியால் பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம். இடம் தங்களுக்குப் புதிதல்ல. வைரவர் கோயிலடி தாண்டி வயற்கரைக்கு இறங்கும் அதே ஒழுங்கை, அதே இடிந்த மதகு. போன மாரியில் தங்கள் வாகனமும் அந்த மதகடியோடுதான் திரும்பியது.

1. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 இல் தேர்தல் நடந்து, ஜூனில் புதிய சபை வரும்வரை கேட்க ஆளில்லை. வட மாகாண சபையும் 2018 ஒக்ரோபரோடு போனதுதான். ஆகவே எங்களுக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பிரதேச சபை ஒன்றே.

2. சபையில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஆனால் தவிசாளர் தெரிவில் கைகோத்தவர்களே எல்லாக் குழுக்களையும் நிரப்பிக்கொண்டார்கள். எங்கள் வட்டார உறுப்பினர் ஒரு குழுவிலும் இல்லை. எந்த வீதி, எந்த வாய்க்கால் என்பதெல்லாம் குழுவில் முடிவாகிவிடுகிறது. மாதாந்தக் கூட்டத்தில் கை உயர்த்துவதுதான் மிச்சம். உள்ளூராட்சித் தேர்தலில் 40 வீத ஆசனங்களை விகிதாசாரத்துக்கு வைத்தது சிறிய கட்சிக்கு விழுந்த வாக்குக்கும் பெறுமதி இருக்கட்டும் என்றுதானே?

3. மதகு அடைபட்டுக் கிடப்பதால் கார்த்திகை மழைக்கு ஒழுங்கை முழுக்க முழங்கால் வெள்ளம். வடியக் கிழமைக்கணக்காகும். மலசலகூடக் குழிகள் நிரம்பி, அந்தத் தண்ணீர் கிணற்றுக்கட்டு வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றில் இறங்குகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறும் தண்ணீரை நம்பித்தான் சீவியம். குளோரின் போட வந்த சுகாதாரப் பரிசோதகரே, "மதகைத் திருத்தாமல் இதை ஊற்றி என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் கோயிலடியோடு நின்றுவிடும். அங்கிருந்து பெண்கள் குடமும் வாளியுமாக வெள்ளத்துக்குள்ளால் சுமக்கிறார்கள். கிளினிக்குக்குப் போகவேண்டிய ஒரு முதியவரைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, நாலு பொடியன்கள் தூக்கித்தான் றோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இவ்வளவுக்கும் அந்த மதகு வேலைப் பட்டியலில் இல்லை! குழுவிலுள்ள ஒருவரின் வட்டாரத்தில் நல்லாயிருந்த வீதிக்கு மேல் திரும்பவும் தார் ஊற்றினார்கள். இது என்ன நியாயம் ஐயா? எங்கள் உறுப்பினர் அந்தக் குழுவில் இருந்திருந்தால் இதைக் கேட்டாவது இருப்பார்.

4. வட அயர்லாந்துச் சட்டமன்றத்தில் குழுத் தலைவர் பதவிகளையே கட்சிகளின் ஆசனக் கணக்குப்படி பங்கிட வேண்டுமென்று 1998 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நாங்கள் தலைவர் பதவி கேட்கவில்லை. ஓர் இடம், அவ்வளவே.

5. சபையில் கட்சிகளுக்குள்ள பலத்தின்படி குழு இடங்களைப் பகிருமாறு தவிசாளருக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள். குழுக் கூட்டக் குறிப்புகள் எல்லா உறுப்பினருக்கும் கிடைக்கச் செய்யுங்கள்.

6. மதகை மாரிக்கு முன் திருத்த வழி செய்யுங்கள்.

"ஆவன செய்யப்படும்" என்ற ஒற்றை வரி எங்களுக்கு வேண்டாம், ஐயா. குழுக்களை எப்போது மாற்றியமைப்பார்கள் என்று ஒரு திகதி தாருங்கள். தயவுசெய்து இந்தமுறையாவது பதில் தாருங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்,
கிராம அபிவிருத்திச் சங்கம்