கிம்ப் மட்டும் ஏன் ஒட்டவில்லை?

அன்புள்ள செல்வம்,

நலமா? உன் மகளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் முழங்கால் வலி பழையபடிதான்; அதை எழுத ஆரம்பித்தால் கடிதம் முடியாது.

உன் லினக்ஸ் கணினியின் கேடிஇ டெஸ்க்டாப்பில், படம் திருத்தும் செயலியான கிம்ப் மட்டும் சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் போல ஒட்டாமல் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். பொத்தான், பட்டியல், பெட்டி எல்லாம் வரைந்து தரும் கருவித்தொகுப்பு கேடிஇக்கு கியூட்டி, கிம்புக்கு ஜிடிகே. 1996இல் கேடிஇ தொடங்கியபோது கியூட்டியின் உரிமம் கட்டற்றதாக இல்லை. அதைப் பொறுக்காதவர்கள் அடுத்த ஆண்டே, கிம்புக்காக எழுதப்பட்டிருந்த ஜிடிகேயை எடுத்துக்கொண்டு க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பைத் தொடங்கினார்கள். உரிமச் சண்டை எப்போதோ தீர்ந்தது. பாகப்பிரிவினை அப்படியே நின்றுவிட்டது.

2002இல் ரெட் ஹேட் 8.0 என்ற லினக்ஸ் வெளியீடு கேடிஇ, க்னோம் இரண்டுக்கும் புளூகர்வ் என்ற ஒரே பூச்சைப் பூசியது. கேடிஇக்காரர்கள் சிலர் கொதித்துப்போனார்கள். உனக்கு வேண்டியதும் அப்படியொரு பூச்சுதான். கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவின் அமைப்புகளில் ஜிடிகேக்கும் கேடிஇயின் பிரீஸ் தீமைத் தேர்ந்தெடு. கிம்ப் தனக்கென்று ஒரு தீம் வைத்திருப்பதால், அதன் விருப்பங்களுக்குள் போய் ‘சிஸ்டம்’ என்றும் மாற்ற வேண்டும்.

என்னைக் கேட்டால், பொத்தானின் நிறம் பொருந்தாவிட்டால் குடி முழுகிப் போகாது. எரிச்சலூட்டுவது கோப்பு திறக்கும் பெட்டிதான். ஃபயர்ஃபாக்ஸில் ஒரு படத்தை ஏற்றப் போனால் ஜிடிகேயின் பெட்டி வருகிறது. படங்களைச் சிறு உருவங்களாகப் பரப்பிப் பார்க்க வழியில்லை, கோப்புப் பெயரை நம்பித் தேட வேண்டும். பயனர்கள் 2004இலேயே கேட்ட வசதி, 2023இல் ஜிடிகே 4.10இல்தான் வந்தது! ஃபயர்ஃபாக்ஸோ ஜிடிகே 3இல் நிற்கிறது. இதற்கு மருந்து போர்ட்டல். ‘உன் பெட்டியைக் காட்டாதே, டெஸ்க்டாப்பிடம் கேள்’ என்கிற பொது ஏற்பாடு அது. கேடிஇக்கான போர்ட்டல் தொகுப்பை நிறுவிவிட்டு, ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் about:config என்று அடித்துத் திறக்கும் அமைப்புப் பக்கத்தில் ‘ஃபைல் பிக்கர்’ போர்ட்டல் வரியைத் தேடி 1 என்று மாற்று. கேடிஇயின் கோப்பு மேலாளரான டால்ஃபினில் நீ பார்க்கிற அதே இடப்பட்டியலுடன் கேடிஇ பெட்டி திறக்கும்.

தமிழ்99 தட்டச்சிலும் இதே கதைதான். பழைய திரை அமைப்பான எக்ஸ்11இல், எந்தத் தட்டச்சு முறை என்று சொல்ல ஜிடிகேக்கு ஒரு சூழல் மாறி, கியூட்டிக்கு ஒரு சூழல் மாறி. ஒன்றை அமைக்காமல் விட்டால் ஒரு செயலியில் தமிழ் வரும், பக்கத்துச் செயலியில் ஆங்கிலம் வரும். புதிய திரை அமைப்பான வேலேண்டில், பிளாஸ்மாவின் விர்ச்சுவல் கீபோர்ட் பகுதியில் ஃபசிட்எக்ஸ் 5 என்ற தட்டச்சுச் செயலியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலானவை சரியாகிவிடும்.

பொங்கலுக்கு வரும்போது மடிக்கணினியையும் எடுத்து வா, மிச்சத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமு