மோட்டாரைக் கழற்றும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

நாகர்கோவிலில் காயில் கட்டும் கடையாகத்தான் எங்களை உங்களுக்குத் தெரியும். சத்தம் வந்தால், சூடானால், மோட்டாரைக் கழற்றி டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுவீர்கள். இனி அவசரப்பட வேண்டாம், நாங்களே நேரில் வந்து மோட்டார் ஓடும்போதே சோதித்துப் பார்க்கிறோம். சில கோளாறுகள் மோட்டார் லோடு இழுக்கும்போதுதான் தெரியும்.

குளச்சல் பக்கம் ஓர் ஐஸ் பிளாண்டின் 40 எச்.பி. மோட்டாருக்கு ஒரே வருடத்தில் இரண்டு தடவை காயில் கட்டினோம். மறுபடியும் சூடு. மூன்றாம் தடவை நேரில் போய்ப் பேனல் முன் நின்றோம். ஆம்பியர் மீட்டர் முள் நொடிக்கு இரண்டு தடவை, தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது. "வோல்டேஜ் சரியில்லை அண்ணாச்சி" என்றார் ஆபரேட்டர். அளந்தோம், சரியாகவே இருந்தது. ரோட்டாரை, அதாவது மோட்டாருக்குள் சுற்றும் பாகத்தை, பிரித்தால் அதில் கரண்ட் ஓடும் உலோகக் கம்பிகளில் (பார்) இரண்டு முறிந்து கிடந்தன. இரண்டாம் தடவை வாங்கிய காயில் கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். முதலிலேயே ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த முள் ஏன் ஆடியது? அது நான்கு போல் (காந்த முனை) மோட்டார். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று. ரோட்டார் ஓடியது 1470. பின்தங்கல், அதாவது ஸ்லிப், 2 சதவீதம். பார் முறிந்தால் கரண்டில் அந்த ஸ்லிப்பின் இரு மடங்கு தள்ளி, 48, 52 ஹெர்ட்ஸ்களில் இரண்டு சின்னக் கோடுகள் முளைக்கும். வயரைச் சுற்றி ஒரு கிளாம்ப் மாட்டி, ஒரு நிமிடம் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் ஹெர்ட்ஸ் வாரியாகப் பிரித்தால், வரைபடத்தில் 50-க்கு இருபுறமும் அவை நிற்கும். லோடு இல்லாமல் ஓடினால் ஸ்லிப் கிட்டத்தட்ட பூஜ்யம். கோடுகள் 50-உடன் ஒட்டிவிடும், கண்டுபிடிக்க வழியில்லை. பட்டறை மேஜையில் அந்த மோட்டார் எங்களை ஏமாற்றியது இப்படித்தான்.

பேரிங்குக்குக் கரண்டைவிட அதிர்வுதான் நல்ல சாட்சி. உப்புக்காற்றில் துருப்பிடித்த பேரிங்குகள் நம் கரையோரத்தில் ஏராளம். எட்டுக் குண்டு உள்ள பேரிங்கின் வெளி வளையத்தில் குழி விழுந்தால், அதே வேகத்தில் நொடிக்குச் சுமார் 75 முதல் 80 தட்டு கேட்கும். காதுக்கு வெறும் கரகரப்பு, கருவிக்கு எண்ணிக்கை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிஸ்டன் கம்ப்ரசரும் தளர்ந்த பெல்ட்டும் இதே மாதிரி கோடுகளைக் காட்டும். அதனால் எந்தக் கோடு எதனுடையது என்று பிரித்தறிய, கம்ப்ரசர் சுற்றையும் பெல்ட் நீளத்தையும் குறித்துக்கொள்வோம். ஈரம் இறங்கிய காயிலுக்கு இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவிதான், அதில் மாற்றமில்லை.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்து ஐஸ் பிளாண்ட்காரர்களுக்கு: மேற்குக் கடலில் மீன்பிடித் தடை ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 31 வரை. லோடு இருக்கும் மே மாதத்திலேயே வந்து மோட்டாரின் கரண்டைப் பதிவு செய்துகொள்வோம். ரோட்டார் வேலை இருந்தால் தடைக்காலத்தில், உங்கள் தொழில் நிற்காமல் முடித்துத் தருகிறோம். சின்னமுட்டம் பக்கத்தில் தடை ஏப்ரல் 15-க்கே வருவதால் அங்குள்ளவர்கள் மார்ச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் காயில் கடை