கோவளத்தில் தூண்டில் போடுபவர்களையும் கணக்கில் எடுங்கள்: மீன்வளத்துறை ஆணையருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: முட்டுக்காடு, கோவளம் கரையில் ஞாயிறுதோறும் தூண்டில் போடுபவர்கள்

பெறுநர்: ஆணையர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, நந்தனம், சென்னை

பொருள்: பொழுதுபோக்காகக் கடலில் தூண்டில் போடுவதற்கு முறையான அனுமதி ஏற்பாடு வேண்டி

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரை மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதுகில் தூண்டில் ராடு கட்டிக்கொண்டு பைக்கில் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது நாங்கள்தான். எங்களில் ஆட்டோ ஓட்டுபவர் இருக்கிறார், வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர் இருக்கிறார், சோழிங்கநல்லூர் ஐடி கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராகக் கரைக்கு வருகிற பையன்கள் இருக்கிறார்கள். மீன்பிடித்துப் பிழைப்பவர்கள் இல்லை நாங்கள். அதனாலேயே உங்கள் துறையின் எந்தக் கணக்கிலும் நாங்கள் வருவதில்லை என்பதுதான் இந்த மனுவின் முதல் குறை.

கணக்கில் வராததால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், எங்களைவிட கரையில் இருக்கும் மீனவர்களுக்குத்தான். போன பிப்ரவரியில் நாங்கள் நாலு பேர் ஒரு ஃபைபர் படகில் போனோம். படகுக்கும் பெட்ரோலுக்கும் 6,000 ரூபாய் கொடுத்தோம். உயிர் இறால் பிடித்துத் தந்த பெரியவருக்கு 400. போகும்போது டீ, வந்ததும் கரையோரத்து அக்கா கடையில் இட்லி, வடைகறி, ஐஸ், வண்டி நிறுத்த இடம் என்று இன்னும் 1,000 ரூபாய் போயிருக்கும். ராடு, நூல் சுற்றும் ரீல், லூர் என்கிற செயற்கை இரை, பிரெய்டு நூல் வாங்கியதெல்லாம் தனி. கரைக்குத் திரும்பும்போது பெட்டியில் இருந்தது இரண்டே பாறை மீன், சேர்ந்து மூன்று கிலோகூடத் தேறாது. படகுக்கார அண்ணன் அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வலை வுட்டா பெட்ரோல் காசு வருமான்னு தெரியாது தம்பி, நீங்க வந்தா மீன் மாட்டுனாலும் மாட்டலனாலும் வீட்டுக்குக் காசு வந்துடும்." கடலிலிருந்து எடுத்தது மூன்று கிலோ, கரையில் விழுந்த பணம் ஏழாயிரத்துக்கு மேல். ஒரு படகு, ஒரு நாள். இதை வருடம் முழுக்கப் பெருக்கிப் பார்க்க உங்கள் துறையிடம் ஆள் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

ஆனால் அந்த அண்ணன் பயந்துகொண்டேதான் எங்களை ஏற்றினார். மீன்பிடிப் படகில் வெளியாட்களைத் தூண்டில் போடக் கூட்டிப்போவதற்குத் தெளிவான அனுமதி முறை ஒன்று அவருக்குத் தெரிந்து இல்லை. யாராவது கேட்டால் "சொந்தக்காரங்க" என்று சொல்லச் சொன்னார். இந்த மறைப்பு எங்களுக்குப் பிடிக்கவில்லை, அவருக்கும் பிடிக்கவில்லை.

கெடுபிடி ஏன் வந்தது என்று எங்களுக்குப் புரியாமல் இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த குடும்பம். அதற்கப்புறம் படகு சவாரிக்குத் தடை போட்டதில் தவறே இல்லை. ஆனால் தடை மட்டும் போட்டால் ஆட்கள் நின்றுவிடுவதில்லை, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இருட்டில் போகிறார்கள். அதனால்தான் தடைக்குப் பதிலாக விதி கேட்கிறோம். படகுக்கு இத்தனை பேர்தான், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், ஆளுக்குக் காப்பீடு, பெயர் எழுதிவைத்துவிட்டுப் போவது, வானிலை எச்சரிக்கை வந்தால் கிடையாது. இவ்வளவு போதும். அனுமதியைப் பதிவுபெற்ற உள்ளூர் மீனவர் படகுகளுக்கு மட்டும்தான் தர வேண்டும், வெளியிலிருந்து சொகுசுப் படகோடு வருகிற கம்பெனிக்குத் தரக்கூடாது. இதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். கோவளத்தில் இதற்கு முன்னுதாரணம் கண்முன்னாலேயே இருக்கிறது. அலைச்சறுக்கு என்றால் என்னவென்றே தெரியாத அந்தக் குப்பத்தில் இன்று மீனவர் வீட்டுப் பிள்ளைகளே சர்ஃபிங் சொல்லித்தருகிறார்கள்.

கரையில் நின்று தூண்டில் போடுவதும் இப்போது எளிதாக இல்லை. கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்புக்குத் தூண்டில் வளைவு என்று நாமே அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம், அந்தக் கல் மேல் தூண்டிலோடு நின்றதற்காக இதை எழுதும் என்னையும் என் பத்து வயது மகளையும் சென்ற வருடம் ஒருவர் திருடர்களை விரட்டுவதுபோல விரட்டினார். எந்த விதியில் கூடாது என்று கேட்டேன், பதில் இல்லை. எந்தக் கல்லில் நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று ஒரு பலகை இருந்தால் அவரும் கத்தியிருக்க மாட்டார், அவளும் வழிநெடுக அழுதிருக்க மாட்டாள். அவள் தூண்டிலுக்கு வந்தபிறகுதான் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் என்ன என்று கற்றுக்கொண்டாள். கிழங்கானையும் மடவையையும் பார்த்தவுடன் பெயர் சொல்கிறாள். இரை மாட்டக் கற்றுக்கொடுத்தது அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாத்தா. நகரத்துப் பிள்ளை ஒரு மீனவரைத் தன் ஆசிரியராக நினைப்பதற்கு இந்தக் கரையைவிட்டால் எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

அப்புறம், மீன். எங்கள் எல்லோருக்கும் ஆசை கொடுவா மேல்தான். ராத்திரி டார்ச் வெளிச்சம் பட்டால் அதன் கண் கனல்போலச் சிவந்து தெரியும், தண்ணீரைவிட்டு எழும்பித் தலையை ஆட்டும்போது செவுள் விரிகிற சத்தம் கேட்கும். கொடுவா ஆணாக வளர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். நாலைந்து கிலோவுக்கு மேல் போனதெல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் தாய். முகத்துவாரத்தை ஒட்டிக் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் கழிமுகத்துக்குள் ஏறி வளரும். ஆக, பெரிய மீனைக் கொன்றால் அடுத்த வருடத்து மீனையும் சேர்த்துக் கொன்றதாகிவிடும். எங்கள் குழுவில் பெரிதைத் தண்ணீரைவிட்டு ரொம்ப நேரம் தூக்கிவைக்காமல், வாய்க்குள்ளே தண்ணீர் ஓடும்படி பிடித்து, அது வாலை உதறியதும் விட்டுவிடுகிறோம். சின்னதையும் விடுகிறோம். ஆனால் இது எங்கள் பழக்கம் மட்டும்தான், விதியாக இல்லை. தூண்டில்காரர்கள் எடுத்துக்கொள்ளும் மீன் எவ்வளவு சிறியதாக, எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று இரண்டையும் நிர்ணயித்து, ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை மீன் என்று சொல்லிவிடுங்கள். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணை அதே முட்டுக்காட்டில்தான் இருக்கிறது, 1997-லேயே கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்தவர்கள். நாங்கள் கட்டும் கட்டணத்தில் அங்கே குஞ்சு வாங்கிக் கழிமுகத்தில் விட முடியுமா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆம், கட்டணம் கட்டத் தயார். இலவசம் கேட்டு வரவில்லை. அமெரிக்காவில் 1950-இல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டத்தின்படி ராடு, ரீல் மேல் விதிக்கும் கலால் வரி மாநில மீன்வளத்துறைகளுக்கே திரும்பிப் போகிறது. கடலில் பொழுதுபோக்காக மீன்பிடிப்பதை ஒட்டி 2022-இல் அங்கே நடந்த விற்பனை ஏறக்குறைய 13,800 கோடி டாலர், வேலைவாய்ப்பு 7 லட்சத்தை ஒட்டி. ஆற்றிலும் ஏரியிலும் பிடிப்பவர்களையும் சேர்த்து உலகத்தில் குறைந்தது 22 கோடிப் பேர் இப்படி மீன் பிடிக்கிறார்கள் என்று உலக வங்கி 2012-இல் மதிப்பிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கடல் தூண்டிலுக்கு 2001-இலிருந்து கட்டணம் உண்டு, அந்தப் பணம் தனி நிதியில் சேர்ந்து செயற்கைப் பாறைத்திட்டு, மீன் அலசும் மேடை என்று செலவாகிறது. அதே மாநிலத்தில் தொழில்முறை மீனவர்களின் உரிமங்களைப் பணம் கொடுத்து வாங்கி, 30 இடங்களைத் தூண்டில்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவும் செய்தார்கள். அது இங்கே வேண்டவே வேண்டாம். நாங்கள் நிற்பதற்காக மீனவர் கடலை விட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை, அவர் படகில் அவரோடு போனால் போதும்.

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. அறுந்த நைலான் தூண்டில் நரம்பைக் கல்லிடுக்கில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஜனவரியில் ஒரு உள்ளான் குருவியின் காலில் சுற்றியிருந்த நரம்பை நகவெட்டியால் வெட்டி எடுத்தோம், கால் கறுத்துவிட்டிருந்தது. நரம்பு போட ஒவ்வொரு தூண்டில் வளைவிலும் குழாய் வடிவத்தில் ஒரு குப்பைத் தொட்டி வையுங்கள், வெளியில் எறிபவனுக்கு அபராதம் போடுங்கள், நாங்களே ஆள் காட்டுவோம். எண்ணூர் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் படர்ந்ததுபோல் ஒன்று இனி நடந்தால், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்கிற எங்கள் கண்ணில் சீக்கிரமே படும். அதைச் சொல்ல ஒரு எண் இருந்தால் உங்களுக்கும் உதவும்.

எனவே கோவளத்தில் ஓராண்டு சோதனை முயற்சியாக இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறோம். முதலில் எத்தனை பேர் வருகிறோம், எவ்வளவு செலவழிக்கிறோம், எவ்வளவு மீன் எடுக்கிறோம் என்று ஒரு கணக்கெடுப்பு. பிறகு படகுக்கும் கரைக்கும் தனித்தனி அனுமதிச் சீட்டு, கட்டணத்தில் பாதி குப்பத்தின் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடல் மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் தருகிறீர்கள், அது பத்தாது என்று உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் கரையில் எங்களுக்கு வழிகாட்டியாக வர அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு முதல் வாய்ப்பு கொடுக்கலாம். எந்த விதி எழுதினாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் நாங்கள் கேட்கவில்லை.

கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டுமென்றால் எங்களில் முப்பது பேர் சம்பளம் இல்லாமல் வரத் தயார். உங்கள் அலுவலர் ஒருவரை ஏதாவது ஒரு ஞாயிறு காலை ஐந்து மணிக்கு முட்டுக்காடு பாலத்துக்கு அனுப்பிவைத்தால், அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
கோவளம், முட்டுக்காடு தூண்டில்காரர்கள்