இரண்டு நூல் இடம்

கோத்தகிரி
ஐப்பசி, விடாத மழை

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய சாப்பாட்டு மேசை வரைபடம் வந்து சேர்ந்தது. பஜாரில் பெரிய தாளாக பிரிண்ட் எடுத்து வந்து பட்டறையில் உன் அப்பா முன்னால் விரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கோடெல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். அப்புறம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தாளின் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் பென்சிலைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். போனில் நீ கேட்டால் "செஞ்சிடலாம்டா" என்றுதான் சொல்வார். சொந்தமாகத் தொழில் ஆரம்பித்து உனக்கு வந்திருக்கும் முதல் பெரிய ஆர்டர், மனசு நோகக் கூடாது என்று அவருக்கு. எனக்கு மட்டும் ஆசையா கண்ணு? ஆனால் இப்போது நாங்கள் சொல்லாமல் விட்டால் பிறகு அந்த மேசையே சொல்லிவிடும், அதுவும் அடுத்தவர் வீட்டில். அதனால் நான் எழுதுகிறேன்.

எட்டடி நீளம், மூன்றரை அடி அகலம். நடுவில் சில்வர் ஓக் பலகைகள். சுற்றிலும் 4 அங்குலத்துக்கு ஈட்டி மர (ரோஸ்வுட்) பார்டர், நாலு மூலையும் சாய்வெட்டு, எல்லாவற்றையும் பசை போட்டு இறுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நடுவில் பிளைவுட் வைத்தால் இது நிற்கும். அதில் ஓர் அடுக்கின் ரேகைக்குக் குறுக்கே அடுத்த அடுக்கை ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். முழு மரப் பலகையைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. நீளவாக்கில் அது கூடுவதும் குறைவதும் அநேகமாக இல்லை. அகலத்தில் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். நீ வரைந்திருக்கும் பார்டரில் இரண்டு ஓரங்கள் பலகையின் ரேகைக்குக் குறுக்கே ஓடுகின்றன. நடுப்பலகை சுருங்கப் பார்க்கும், ஓரம் விடாது. கடைசியில் பலகை பிளக்கும், இல்லையென்றால் மூலை வாய் திறக்கும்.

நம் வீட்டு முன்கதவை நினைத்துப் பார். வெள்ளைக்காரன் காலத்துப் பேனல் கதவு. மாசி மாதம் வந்தால் நடுப்பலகையின் ஓரத்தில் பெயின்ட் படாத ஒரு கோடு தெரியும். சின்ன வயதில் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே நிற்பாய். ஐப்பசியில் அந்தக் கோடு இருக்காது. சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அந்த நீளப் பள்ளத்துக்குள், பலகை பசையில்லாமல் சும்மா நிற்கிறது. ஈரத்துக்கு ஏற்ப உள்ளே போகிறது, வெளியே வருகிறது. யார் செய்ததோ, இத்தனை வருடமாகியும் ஒரு கீறல் இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். நீ ஆறாவது படித்தபோது அப்பா நாலு நாள் கோயம்புத்தூர் போனாரே, மரம் பார்க்கப் போகிறார் என்று உன்னிடம் சொன்னோம். அது மரம் பார்க்க இல்லை. அந்த வருடம் இதே ஐப்பசியில் ஒரு தேக்கு மேசை செய்து தீபாவளிக்கு முன்னால் அங்கே ஒரு வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அவர்கள் ஒரு படத்தைக் காட்டி அதே மாதிரி வேண்டும் என்றார்கள். அதிலும் நீ வரைந்தது போலச் சுற்றிலும் பார்டர். கேட்டபடியே செய்தோம். மாசிக் கடைசியில் போன் வந்தது. மேசை நடுவில் இரண்டு நூலுக்கு, அதாவது கால் அங்குலத்துக்கு, பிளந்து நிற்கிறது, அப்பாவின் பென்சில் முனை உள்ளே போகும் அளவுக்கு. அந்தப் போனை எடுத்தவள் நான். அந்த அம்மா கோபமாகக்கூடப் பேசவில்லை, வருத்தமாகப் பேசினார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மரம் நல்ல மரம்தான், வைரம் பாய்ந்த தேக்கு. தப்பு எங்கள் கணக்கில். தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா மறைத்துக்கொள்வதால் கோத்தகிரிக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் கெட்டி மழை. அப்போது இங்கே அடுக்கி வைத்த பலகையில் 16 சதவீதம் ஈரம் சாதாரணமாக நிற்கும். கோயம்புத்தூரில் பங்குனி வெயிலுக்கு அது 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். மூன்றரை அடி அகலத் தேக்கில் அந்த 6 சதவீத வித்தியாசம் எப்படியும் இரண்டு, மூன்று நூலைத் தின்றுவிடும். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் இறங்குவதற்குள் நமக்குக் காது அடைக்கிறதே, பலகைக்கு அந்த அடைப்பு மெதுவாக, மாதக் கணக்கில் நடக்கிறது.

அப்பா பிளவில் மரத்தூளும் பசையும் அடைக்கவில்லை. அந்த வீட்டுத் திண்ணையிலேயே படுத்து எழுந்து, குறுக்கு ஓரங்களை அறுத்து எடுத்து, பிளந்த கோட்டிலேயே பலகையை இரண்டாக்கி, இழைத்து மறுபடி சேர்த்தார். இரண்டு முனைக்கும் புதிதாகக் காடி எடுத்த பலகை போட்டார். நடுவில் ஒரு முளையை (மர ஆணியை) மட்டும் இறுக்கி, ஓரத்து முளைகளுக்குத் துளையை நீளவாக்கில் வெட்டி இரண்டு பக்கமும் இரண்டு நூல் இடம் விட்டார். பஸ் செலவும் நம்முடையது, கூலியும் வாங்கவில்லை. அந்த மேசை இன்றைக்கும் அங்கே இருக்கிறது. மழைக்காலத்தில் முனைப்பலகையும் மேல்பலகையும் சரிமட்டமாக இருக்குமாம், வெயிலில் முனைப்பலகை ஒரு நூல் நீட்டிக்கொண்டு நிற்குமாம். அதை ஒரு குறையாக அவர்கள் சொல்வதில்லை.

அதற்குப் பிறகுதான் என் அளவு நோட்டில் முதல் கட்டமே மாறியது. அதற்கு முன்னால் நீளம், அகலம், உயரம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது "எந்த ஊருக்கு, எந்த மாசம்" என்பதுதான் முதலில்.

உன் மேசை சென்னைக்குப் போகிறது. கடற்கரைப் பக்கத்து பிளாட், பகல் முழுக்க ஏசி ஓடும் என்கிறாய். சன்னலைத் திறந்தால் கடல் ஈரம், மூடினால் ஏசியின் வறட்சி. இது கோயம்புத்தூரை விடக் கஷ்டமான வீடு. அதனால் பார்டரை விட்டுவிடு. நீளவாட்டு ஓரத்துக்கு வேறு நிறம் வேண்டுமானால் ரேகை ஒரே பக்கம் ஓடும்படி ஒரு பலகையைச் சேர்க்கலாம், அது கூடவே நகரும். முனைகளுக்கு அப்பா கோயம்புத்தூரில் செய்தது போலச் செய்யட்டும். மேல்பலகையைச் சட்டத்தோடு நேராகத் திருகாதே. சட்டத்தின் உள்பக்கம் காடி எடுத்து, ஒரு மூக்கு நீட்டிய சின்ன மரக்கட்டைகளை அதில் நுழைத்து, கட்டையை மட்டும் பலகையில் திருக வேண்டும். கட்டை காடிக்குள் நகரும், பலகையைக் கீழே பிடித்தும் வைக்கும். பலகை நம் பரணில் இருப்பது வேண்டாம். மேட்டுப்பாளையத்து மர வாடியில் சூளையில் உலர்த்தியதாக வாங்கி, ஈர மீட்டர் குத்திப் பார்த்து 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அறுப்பது என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஈட்டி கேட்டிருக்கிறாய். அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வைரம் கறுத்து வர ஒரு மனுஷ ஆயுள் போதாது. அந்த மரம் போகிற போக்கைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டில் 1994இல் ஈட்டிக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். மலையில் எந்த மரத்தை வெட்டவும் அனுமதி கேட்கும் சட்டம் 1955லிருந்தே இருக்கிறது. பில்லும் வனத்துறை பாஸும் இல்லாத பலகையை அப்பா பட்டறை வாசலுக்குள் விட்டதில்லை, உனக்காகவும் விட மாட்டார். இருண்ட நிறம் வேண்டுமென்றால் வேங்கை வாங்கலாம். என்னைக் கேட்டால் சில்வர் ஓக்கையே முழுக்க வை. டீ எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கிற மரம் என்று இங்கே யாரும் மதிப்பதில்லை. ஆரப்போக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்துப் பார், மீன் செதில் மாதிரி மின்னும் பூக்கள் வரும். அப்படி அறுத்த பலகை அகலத்தில் நகர்வதும் குறைவு. அறுக்கும்போது மட்டும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், சிலருக்கு அந்தத் தூள் தோலில் அரிக்கும்.

சரி, மரத்தை விடு. அந்த வீட்டில் யார் யார் சாப்பிட உட்காருவார்கள் என்று தாளில் எங்குமே இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

மேசை உயரம் 30, நாற்காலி உட்காரும் இடம் 18 என்று போட்டிருக்கிறாய். புத்தகத்து அளவு, தப்பில்லை. ஆனால் மேல்பலகை ஒன்றேகால் அங்குலம், அதன் கீழே சட்டம் 5 அங்குலம். கழித்துப் பார், நாற்காலிக்கும் சட்டத்துக்கும் நடுவில் 6 அங்குலம்கூட இல்லை. தொடைக்கு 7 ஆவது வேண்டும். சட்டத்தை மூன்றரையாகக் குறை. அப்புறம், பக்கத்துக்கு நாலு பேர், ஆளுக்கு 24 அங்குலம் என்று எட்டடியைச் சரியாகப் பங்கு போட்டிருக்கிறாய். மூலையில் நிற்கும் கால்கள் எந்த இடத்தில் நிற்கும்? ஓரத்தில் உட்காரும் நாலு பேருக்கும் முழங்கால் இடிக்கும். பக்கத்துக்கு மூன்று, தலைமாட்டுக்கு ஒன்று என்று வை. எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம், பண்டிகைக்குத் தலைவாழை இலை போட்டாலும் பக்கத்து இலை மேல் குழம்பு ஓடாது.

அந்த வீட்டில் ஒரு பாட்டி இருப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அரவேனுவில் ஒரு பாட்டிக்கு நாம் நாற்காலி செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மகன் வந்து கைப்பிடி வைத்து மெத்தை வைத்து ராஜா நாற்காலி மாதிரி கேட்டார். நான் நேரில் போனபோது அந்தப் பாட்டி சோபாவில் கால் மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருக்கும்போது மட்டும் பக்கத்துச் சுவரைப் பிடித்தார்கள். மகன் கேட்ட நாற்காலியில் அவர்களால் கால் மடிக்கவே முடிந்திருக்காது. உட்காரும் இடத்தை 24 அங்குலம் அகலமாக்கி, உயரத்தை ஓர் அங்குலம் கூட்டி, வலது பக்கம் மட்டும் கைப்பிடி வைத்துக் கொடுத்தோம். மகனுக்கு அது ஒரு பக்கம் குறைந்த நாற்காலியாகத் தெரிந்தது. பாட்டி அதை விட்டு இறங்கவே இல்லை. நாற்காலியின் உயரம் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரைக்கும் உள்ள உயரம். அது உன் கம்ப்யூட்டரில் இல்லை கண்ணு, அந்த ஆளின் காலில்தான் இருக்கிறது.

அதனால் படத்தைத் திருத்துவதற்கு முன்னால் ஒரு நாள் ராத்திரி அவர்கள் சாப்பிடும் நேரத்துக்குப் போய் உட்கார்ந்து பார். இப்போது எங்கே சாப்பிடுகிறார்கள், டிவி எந்தப் பக்கம், குழந்தை யார் மடியில், பாத்திரத்தைச் சமையலறையிலிருந்து யார் தூக்கி வருகிறார்கள், எல்லாம் பார். லிஃப்ட்டின் வாசலையும் உள் உயரத்தையும் அளந்துகொள். எட்டடிப் பலகை உள்ளே நுழையாவிட்டால் மாடிப்படித் திருப்பத்தில் திரும்புமா என்று இப்போதே தெரிய வேண்டும். கால்களைப் போல்ட் போட்டுக் கழற்றும்படி அப்பா செய்துவிடுவார், பலகையை மடிக்க முடியாது. போல்ட்டும் திருகும் பித்தளையோ எஸ்எஸ்ஸோ வாங்கு. கடல் காற்றுக்கு இரும்பு ஒரு வருடத்தில் பல்லிளிக்கும்.

புத்தக அலமாரிப் படத்தையும் பார்த்தேன். முக்கால் அங்குலப் பலகையை நாலடிக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் விட்டிருக்கிறாய். அதே தடிமனில் அதே எடையை வைத்து நீளத்தை மட்டும் இரட்டித்தால்கூடத் தொய்வு எட்டு மடங்கு. நடுவில் ஒரு நெட்டுப்பலகை போடு, வேறு எதுவும் மாற்ற வேண்டாம், நன்றாக இருக்கிறது.

பாலிஷ் என் வேலை. இந்த மழையில் நான் கை வைக்க மாட்டேன். மஞ்சு இறங்குகிற நேரத்தில் அவலரக்கை (ஷெல்லாக்) தேய்த்தால் வெள்ளை பூத்துவிடும். கார்த்திகை தாண்டி, வெயில் காயும் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைக்கும்தான் தேய்ப்பேன். சாப்பாட்டு மேசைக்குச் சூடும் தண்ணீரும் படும் என்பதால் மேல்பலகைக்கு அவலரக்கு வேண்டாம், எண்ணெய் போடலாமா என்று அவர்களிடம் கேட்டு வை. எதைப் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கும் அதே அளவு பூசுவேன். மேலே மட்டும் பூசினால் ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது, பலகை வளைந்துவிடும். தை மாதத்துக்கு முன்னால் மேசை வராது என்று அவர்களிடம் இப்போதே சொல்லிவிடு. காரணத்தையும் சொல். நல்ல வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா டீ குடித்துவிட்டு வந்து பென்சிலை எடுத்துவிட்டார். உன் தாளின் ஓரத்தில் முனைப்பலகையை வரைந்துகொண்டிருக்கிறார். அதையும் இதோடு வைத்து அனுப்புகிறேன்.

பாட்டியின் முழங்கால் அளவை மறக்காமல் எழுதி அனுப்பு. செருப்பு இல்லாமல் எடு, வீட்டுக்குள் அவர்கள் வெறும் காலோடுதான் இருப்பார்கள்.

அன்புடன்,
அம்மா