பல்கலைக்கழகச் சேகரங்களுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு நிதியும் பாதுகாப்பாளர் பணியிடமும் கோரும் மனு

அனுப்புநர்:
நூலகம், சுவடிப் பிரிவு, அருங்காட்சியகம், ஆவணக் காப்பறை ஆகியவற்றில் பணிபுரிவோரும் பணி ஓய்வு பெற்றோரும்,
கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்கள்.

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கொங்கு மாவட்டப் பல்கலைக்கழகங்கள், பழைய கல்லூரிகளின் நூலக, அருங்காட்சியக, ஆவணச் சேகரங்கள் – தொடர் பராமரிப்புக்குத் தனிக் கணக்குத் தலைப்பும் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் (நூல், சுவடி, பழம்பொருள்களைச் சிதையாமல் பேணுபவர்) பணியிடமும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் பகுதிப் பல்கலைக்கழகங்களிலும் பழைய கல்லூரிகளிலும் இருப்பவை பாடநூல்கள் மட்டுமல்ல. ஊர்க் குடும்பங்கள் நம்பிக் கொடுத்த ஏட்டுச்சுவடிகள், கல்வெட்டு மைப்படிகள், கள ஆய்வில் சேர்ந்த பானை ஓடுகள், இரும்புத் துண்டுகள், மணிகள், உலர்தாவரத் தாள்கள், ஸ்பிரிட் ஜாடிகளில் உள்ள உயிரினங்கள், ஆட்சிக்குழுக் கூட்டக் குறிப்பேடுகள், தட்டச்சுப் படி ஒன்றே எஞ்சியிருக்கும் ஆய்வேடுகள் எல்லாம் இருக்கின்றன. நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணலும், ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்த வெள்ளலூரும் கத்தாங்கண்ணியும் உள்ள வட்டாரம் இது. துறை அலமாரியில் கிடக்கும் ஓர் அட்டைப்பெட்டிகூட வேறெங்கும் கிடைக்காத சான்றாக இருக்கலாம்.

இவற்றுக்கு வரும் பணம் பெரும்பாலும் ஒருமுறைத் திட்டப் பணம். அதில் ஸ்கேனரும், நகரும் இரும்பு அலமாரியும், ஏசியும் வாங்கிவிடலாம். அடுத்த ஆண்டு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மாற்றவும், அமிலமற்ற அட்டைப்பெட்டி வாங்கவும், ஈரப்பதக் கருவிக்கு பேட்டரி போடவும் செலவுக் கணக்கில் தலைப்பு இருக்காது. கருவி இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கமாட்டார். ஆகவே புதிய பெருந்திட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. நூல் கொள்முதல் தொகையில் நூற்றுக்கு ஐந்து அளவுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு நிதியும், பல்கலைக்கழகத்துக்கு ஒரு பாதுகாப்பாளரும் இரண்டு உதவியாளர்களும் கேட்கிறோம். இது ஏன் போதும், இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

முதலில் ஏசி. காலை பத்து மணிக்குப் போட்டு மாலை அலுவலகம் மூடும்போது நிறுத்துவதுதான் வழக்கம். இரவில் வெளிக்காற்று உள்ளே வரும்போது சுவரும் இரும்புத் தட்டும் நூல் அட்டையும் குளிர்ந்தே இருக்கின்றன. காற்றிலுள்ள ஈரம் அவற்றின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டிச் சில நாள் நின்றாலே பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வராவிட்டாலும் தாளும் தோலும் ஓலையும் தினமும் விரிந்து சுருங்கித் தையலில் விட்டுப்போகும். ஏசி என்றால் 24 மணி நேரமும் ஓட வேண்டும். அதற்கு மின்கட்டணம் தாங்காது என்றால் ஏசி இல்லாமல் இருப்பதே மேல். கொங்கு நாடு மழைமறைவுப் பகுதி. சென்னையின் கடல் ஈரம் இங்கே இல்லை. தடித்த சுவர், நன்றாகச் சாத்தும் சன்னல், கொசுவலை, மழை மாதங்களில் மட்டும் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் என்ற ஏற்பாட்டிலேயே பெரும்பாலான அறைகளை 45 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிலையாக வைத்துக்கொள்ளலாம். அந்த இயந்திரத்தின் தண்ணீரை வாளியில் பிடிக்கக் கூடாது. சனி, ஞாயிறு விடுமுறையில் வாளி நிறைந்ததும் இயந்திரம் தானாக நின்றுவிடும்; குழாய் வைத்து வெளியே விட வேண்டும். அறைக்கு ஒரு பதிவுக் கருவி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை வெப்பமும் ஈரப்பதமும் பதிவாகச் செய்து, மாதம் ஒருமுறை அதை எடுத்துப் பார்ப்பவர் ஒருவர் இருந்தால் போதும், அறையின் நோய் தெரிந்துவிடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு வருகிறது. அப்போது மேற்குச் சன்னல்களைத் திறந்து வைக்கக் கூடாது. புழுதியை ஈரத் துணியால் துடைக்காமல், வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியால் எடுக்க வேண்டும். அக்டோபர் மழைக்கு முன், செப்டம்பர் முடிவதற்குள், மொட்டைமாடி வடிகால் வாயில் அடைத்திருக்கும் இலையையும் புறா எச்சத்தையும் அள்ளியாக வேண்டும். சேகர அறைக்கு நேர் மேலே தண்ணீர்த் தொட்டியோ கழிவறையோ இருந்தால் பொதுப்பணித் துறை அதை இடம் மாற்றித் தர வேண்டும். அடித்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்திலும், அலமாரி வெளிச்சுவரிலிருந்து அதே அளவு தள்ளியும் நிற்க வேண்டும். நகரும் அலமாரிகளை இடைவெளியே இல்லாமல் அழுத்திப் பூட்டினால் நடுவில் காற்றோட்டம் செத்துவிடுகிறது. பூஞ்சை முதலில் தெரிவது அங்கேதான்.

பூச்சிக்கு ஒப்பந்தக்காரர் வந்து தரை ஓரங்களில் மருந்தடிக்கிறார். நூல் வண்டோ நூலுக்குள் இருக்கிறது. புழு அட்டையையும் பசையையும் துளைத்துக்கொண்டு உள்ளேயே வளர்கிறது. தட்டின் மேல் மாவு போல மெல்லிய தூள் உதிர்ந்திருந்தால் துடைத்துவிட்டு, கீழே வெள்ளைத் தாள் விரித்து, ஒரு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். மறுபடி தூள் விழுந்தால் புழு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்த நூலைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரமும், வீட்டு உபயோக ஃப்ரீசர் என்றால் இரண்டு வாரமும் வைக்க வேண்டும். எடுத்தபின் முழு ஒரு நாள் பையைப் பிரிக்கக் கூடாது; பிரித்தால் குளிர்ந்த தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும். கண்ணாடி நெகட்டிவ்களையும் படச் சுவடிகளையும் ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. புதிதாக வரும் நன்கொடை நூல்களை நேரே அலமாரிக்குக் கொண்டுபோகாமல் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு பெட்டி ஃப்ரீசரும், ஒட்டுப்பொறிகளும், கணக்கு வைத்துக்கொள்ளும் ஒரு மனிதரும் போதும். அந்துருண்டையும் வேப்பிலையும் இவற்றுக்கு ஈடாகாது. பச்சை இலை தாளில் கறையையும் ஈரத்தையும்தான் விட்டுச்செல்கிறது.

ஏட்டுச்சுவடிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். இவற்றில் நேரும் சேதம் பெரும்பாலும் நல்லெண்ணத்தால் நேர்வது. கட்டைப் பிரிக்கும் முன் ஏடுகள் இருக்கும் வரிசையைப் படம் எடுத்து, எண்ணிக்கையைப் பதிய வேண்டும். பல சுவடிகளில் ஏட்டெண் தேய்ந்திருக்கும். வரிசை கலைந்தால் மீட்பதற்குப் பாடம் தெரிந்த புலவர் வேண்டும். மெல்லிய தூரிகையால் ஏட்டின் நீளவாக்கில் தூசி தட்ட வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் விளக்குக்கரியை எலுமிச்சைப்புல் எண்ணெயில் குழைத்துத் தடவி, உடனே பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். காய்ந்து முறியும் ஏட்டுக்கு மட்டுமே எண்ணெய். ஆண்டுக்கு இத்தனை ஏடு என்று இலக்கு வைத்து எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசினால் பிசுக்கேறித் தூசியை இழுத்து ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஏட்டைக் கத்தி முனையால் பிரிக்கவே கூடாது. எழுத்து இருக்கும் தோல் அடுத்த ஏட்டோடு போய்விடும். கயிற்றை இறுக்கினால் துளை கிழியும். ஏட்டை விடச் சற்றுப் பெரிய சட்டங்களை இருபுறமும் வைத்து, கஞ்சி போக அலசிய, சாயம் போடாத பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். கைத்தறி நெய்யும் ஊர்களில் இந்தத் துணி கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்துக் கற்பூரத்தோடு முடிந்து வைப்பது பூச்சியை அண்டவிடாது; ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. மின்னுருவாக்கத்தில் தட்டை ஸ்கேனரின் மூடியால் ஏட்டை அழுத்துவதை ஒப்பந்த விதியிலேயே தடை செய்ய வேண்டும். மேலிருந்து படமெடுக்கும் கேமரா மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

அகழாய்வு இரும்பில் மண்ணின் உப்பு ஊறியிருக்கும். அறை ஈரப்பதத்தில் விட்டால் மஞ்சள் துளிகள் வியர்த்து, செதில் செதிலாக உதிர்ந்து, கடைசியில் பெட்டியில் துரு மட்டும் மிஞ்சும். காற்றுப் புகாத பாலிப்ரொப்பிலீன் டப்பாவில், இரும்பின் எடைக்கு எடை சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 20 விழுக்காட்டுக்குக் கீழே வைக்க வேண்டும். நிறம் மாறிய ஜெல்லை ஆய்வகச் சூளையில் 105 முதல் 110 டிகிரியில் காயவைத்தால் மறுபடி பயன்படும். செம்பு, வெண்கலப் பொருள்களில் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் உடனே தனியே பிரித்து, ஈரப்பதத்தை 35 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். குழி எண்ணும் மண்ணடுக்கு எண்ணும் தொலைந்த பானை ஓடு ஆய்வுக்கு உதவாது. துணிப்பையில் கட்டிய சீட்டை எலி தின்றுவிடும். பாலித்தீன் பைக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றும், ஓட்டின் மேலேயே எண் ஒன்றும் வேண்டும்.

விலங்கியல் ஜாடிகளில் மட்டம் இறங்கினால் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறார்கள். முதலில் ஆவியாவது ஆல்கஹால்தான். மிச்சம் ஏற்கெனவே நீர்த்துப் போயிருக்கும். அடர்த்திமானியால் அளந்து, 95 விழுக்காட்டு ஆல்கஹாலைச் சேர்த்து 70க்குக் கொண்டுவர வேண்டும். பழைய தாவரத் தாள்களில் பாதரச உப்பும், பதம் செய்த விலங்குகளில் ஆர்செனிக்கும் இருக்கக்கூடும். இவற்றை எடுத்து வைக்கும் கடைநிலை ஊழியருக்குக் கையுறையும் முகக்கவசமும் எச்சரிக்கைப் பலகையும் கண்டிப்பாகத் தர வேண்டும். பயிற்சிக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும் மதராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேகரமும் கோவையிலேயே இருக்கின்றன. பாதுகாப்பு வேதியியலுக்கு 1930 முதல் இயங்கும் சென்னை எழும்பூர் அருங்காட்சியக ஆய்வகமும், மைசூரில் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகத்தின் வட்டார மையமும் உள்ளன.

ஆவணங்களுக்குச் சட்டமே துணை நிற்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(அ) எல்லாப் பதிவேடுகளையும் பட்டியலிட்டு அகரவரிசை தொகுத்துப் பேணச் சொல்கிறது. 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. ஆனால் அறையில் நடப்பது வேறு: கிழிந்த தாளுக்கு செல்லோ டேப், பிரிந்த முதுகுக்கு ஃபெவிகால், முக்கியமான தாள் என்றால் லேமினேஷன். மூன்றுமே திரும்ப எடுக்க முடியாதவை. ஜப்பான் திசுத்தாளும் கோதுமைக் கஞ்சிப் பசையும் போதும். பசையில் மயில்துத்தம் கலக்கும் பைண்டர்களின் பழைய வழக்கமும் நிற்க வேண்டும். அதிலுள்ள செம்பு தாளைச் சிதைக்கும். நூற்பட்டியல்கள் இன்னும் பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கின்றன. அரசு 2010லேயே ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்றுவிட்டதால், அவற்றை மாற்றித் தருவதைக் காலக்கெடுவோடு ஆணையிட வேண்டுகிறோம். மின்படிகள் மூன்று வேண்டும், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். பீரோவில் பூட்டிய ஒற்றை ஹார்டு டிஸ்க் சேமிப்பு ஆகாது.

தணிக்கை குறித்தும் ஒரு வார்த்தை. தொலைந்த நூலின் விலை தன் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்ற அச்சத்தில் நூலகர் அலமாரியைப் பூட்டுகிறார். பூட்டிய அலமாரியில்தான் கரையானும் பூஞ்சையும் யார் கண்ணிலும் படாமல் பெருகுகின்றன. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இன் 215ஆம் விதி, வழங்கிய அல்லது பார்வையிட்ட ஆயிரம் நூலுக்கு ஆண்டுக்கு ஐந்து இழப்பை இயல்பானதாக ஏற்கிறது. இதே அளவை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் ஐயமற எழுதித் தர வேண்டும். அரிய சேகரங்களுக்கு இந்தச் சலுகை வேண்டாம். அவை ஆண்டுதோறும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்பட வேண்டும். 1950க்கு முன் அச்சான எந்தத் தமிழ் நூலையும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளிட்ட இரண்டு பட்டியல்களிலாவது பார்க்காமல் கழிவு என்று எடைக்குப் போடக் கூடாது.

வெள்ளமோ குழாய் உடைப்போ நேர்ந்தால் பூஞ்சை பிடிக்க 48 மணி நேரம் போதும். நனைந்த நூலைத் திறக்காமல், பிழியாமல், முதுகு கீழே இருக்கும்படி பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி, ஐஸ்கிரீமோ மீனோ வைக்கும் உறைநிலைக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கிடங்கோடு முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்தால்தான் அன்றைக்கு நடக்கும். அழைக்க வேண்டிய எண்களும் மெயின் சுவிட்ச், தண்ணீர் வால்வு இருக்கும் இடமும் ஒரே தாளில் கதவருகே ஒட்டப்பட வேண்டும்.

பாதுகாப்பாளர் பணியிடத்தை ஆண்டுதோறும் மாறும் வெளிமுகமை ஊழியரால் நிரப்ப வேண்டாம் என்பது எங்கள் அழுத்தமான வேண்டுகோள். ஓர் அறையின் மழைக்காலத்தையும் கோடையையும் கண்டவருக்குத்தான் அதன் கோளாறு பிடிபடும். ஃப்ரீசர், நச்சுக்காற்றை வெளியேற்றும் மேடை, சூளை ஆகியவற்றோடு எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவான பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று கோவையிலோ ஈரோட்டிலோ அமைந்தால் முறியும் ஏடுகளைப் பேருந்தில் சென்னைக்கு எடுத்துச் செல்லும் நிலை மாறும்.

இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் சேகர அறைகள் அனைத்தையும் ஆய்வு செய்து நிலை அறிக்கை பெற ஆணையிடுமாறும், வரும் நிதிநிலை ஆண்டிலேயே தனிக் கணக்குத் தலைப்பைத் தொடங்கித் தருமாறும், எங்கள் தரப்பில் மூவர் நேரில் வந்து விளக்க ஒரு நாள் ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இடம்: கோயம்புத்தூர்
நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர்கள், கொங்கு மாவட்டங்கள்